மறந்த பின்னும் நிற்கும் வருத்தம்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோய் கண்ட 17 பேரை உட்காரவைத்துச் சினிமாக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சுமார் 20 நிமிடம் மனத்தைக் கலங்கவைக்கும் காட்சிகள்; இன்னொரு வேளை, அதே அளவு நேரம், சிரிக்கவைக்கும் காட்சிகள். படம் முடிந்து சற்று நேரம் கழித்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பலருக்கு ஓரிரண்டு விஷயங்களுக்கு மேல் சொல்லத் தெரியவில்லை. ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில் இல்லை. ஆனால் மனநிலை எப்படி இருக்கிறது என்று அரைமணி நேரம் வரை திரும்பத் திரும்பக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. சோகக் காட்சி பார்த்தவர்கள் சோகமாகவே இருந்தார்கள். எதனால் சோகம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அதைவிட வியப்பு, யாருக்குப் படம் அதிகமாக மறந்துபோயிருந்ததோ அவருக்கே வருத்தம் அதிக நேரம் நீடித்தது. 2014-இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான், 17 பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. என்றாலும் அல்சைமர் போன்ற டிமென்ஷியா வந்த ஒரு பெரியவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் இதைப் படித்தால், கண்ணால் கண்ட ஒன்றுக்குக் காரணம் கிடைத்ததாகவே உணர்வார்கள்.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். காலை ஒன்பது மணிக்குப் பாட்டி குளிக்க மறுக்கிறார். நேரமாகிறது, அலுவலகத்துக்குப் போக வேண்டிய மகள் குரலை உயர்த்துகிறாள், கையைப் பிடித்து இழுக்கிறாள், ஒருவழியாகக் குளியல் முடிகிறது. ஒன்பதரைக்குப் பாட்டிக்கு அது எதுவும் நினைவில் இல்லை. பத்து மணிக்கு வேலைக்கார அம்மாள் காபித் தம்ளரை நீட்டும்போது பாட்டி அதைத் தட்டிவிடுகிறார். “சும்மா இருந்தவங்க, திடீர்னு காரணமே இல்லாம அடிக்க வர்றாங்க” என்று மாலையில் மகளிடம் புகார் வருகிறது. காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அதை மறந்துவிட்டார், அவ்வளவே. அன்று நடந்ததைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸை அல்சைமர் நோய் முதலிலேயே தாக்குகிறது. அச்சத்தையும் வருத்தத்தையும் எழுப்பும் அமிக்டலாவும் நோய்க்குத் தப்புவதில்லை, ஆனாலும் உணர்வுகள் எழுவதும் தங்குவதும் நெடுங்காலம் தொடர்கின்றன. ஆகவே நினைவு இல்லாத இடத்திலும் உணர்வு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

இந்நோயைப் பற்றிப் பேசும்போது நாம் மறதியைத்தான் முன்னால் வைக்கிறோம். ஆனால் குடும்பங்களை உடைப்பது மறதி அல்ல. பேரன் பெயரை மறந்த தாத்தாவை எந்த வீடும் தாங்கிக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லிக் கத்தும் தாத்தாவைத் தாங்குவதுதான் கடினம். உலாத்துதல், ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்டல், திட்டுதல், அடித்தல், துணியைக் கழற்றுதல், பொருளை ஒளித்துவைத்தல், ஓயாமல் முனகுதல் என்று இவற்றையெல்லாம் ஜிஸ்கா கோஹென்-மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 29 வகையாகப் பிரித்து, எது எத்தனை தரம் நடக்கிறது என்று அளக்க ஒரு பட்டியலே உண்டாக்கினார். இன்றும் உலகெங்கும் ஆய்வுகளில் அது பயன்படுகிறது. இந்த நடத்தைகளில் பலவற்றின் அடியில் நிறைவேறாத ஒரு தேவை இருக்கிறது என்று அவர் வாதிட்டார். வலி, பசி, தனிமை, வேலையில்லாச் சலிப்பு என அது எதுவாகவும் இருக்கலாம்.

இந்நோய் மருத்துவ வரலாற்றுக்குள் நுழைந்ததும் இப்படித்தான். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் அகுஸ்தே டீட்டர். நோயின் முதல் அடையாளமாக அங்கிருந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் எழுதிவைத்தது மறதியை அல்ல, கணவர்மீது எழுந்த கடுமையான சந்தேகத்தை. பிறகு நினைவு தேய்ந்தது. பொருள்களை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு போனார், ஒளித்துவைத்தார், தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று அலறினார். 1906 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு, அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அல்சைமர் கண்ட படிவுகளும் சிக்கல்களும்தான் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்த மருத்துவமனையின் தலைவர் எமில் சியோலியும் அல்சைமரும் நோயாளிகளைக் கட்டிப்போடக் கூடாது என்ற கொள்கையை அங்கே கொண்டுவந்தவர்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும் நம் ஊர் மருத்துவமனைகளில் பெரியவர்களின் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவைப்பதைப் பார்க்க முடிகிறது.

மருத்துவர்கள் கிளர்ச்சி என்று அழைக்கும் இந்த நடத்தைகளுக்கு மூளையில் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோபம் வந்தால் அதை அடக்கு, இது இடம் அல்ல, இவர் அந்நியர் அல்ல என்று உள்ளிருந்து நிதானிக்க வைப்பவை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிகள். கிளர்ச்சி மிகுந்திருந்த அல்சைமர் நோயாளிகளின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது, கண் குழிக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதியிலும் அதன் உட்புறத்தை ஒட்டிய பகுதியிலும் அல்சைமர் கண்ட அந்த டௌ புரதச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. மூளைத் தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்று ஒரு மிகச் சிறு செல் கூட்டம் இருக்கிறது. விழிப்பையும் பதற்றத்தையும் தூண்டும் நோர்அட்ரினலினை மூளை முழுவதற்கும் அனுப்புவது அதுதான். டௌ முதன்முதலில் படியத் தொடங்கும் இடங்களில் அது ஒன்று. ஆக, அடக்கும் வலிமை குறைகிறது, பதற்றத்தின் அளவைச் சீராக வைத்திருந்த ஏற்பாடும் குலைகிறது. ஆனால் இந்தச் சேதம் நாள் முழுவதும் இருக்கிறது, கிளர்ச்சி நாள் முழுவதும் இருப்பதில்லை. அது சில வேளைகளில், சிலரிடம், சில வேலைகளின்போது எழுகிறது. அந்தச் சில வேளைகளில் என்ன நடக்கிறது என்று தேடுவதில்தான் பயன் இருக்கிறது.

முதலில் தேட வேண்டியது வலியை. நார்வேயில் பெட்டினா ஹுசேபோவும் உடன் ஆய்வாளர்களும் 18 முதியோர் இல்லங்களில் ஒரு சோதனை செய்தார்கள். நடுத்தர அளவிலும் கடுமையாகவும் டிமென்ஷியா இருந்து, கிளர்ச்சியும் இருந்த 352 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினருக்கு 8 வாரம் படிப்படியான வலி சிகிச்சை. அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வெறும் பாராசிட்டமால்தான். கிளர்ச்சி 17 சதவீதம் குறைந்தது. சிகிச்சையை நிறுத்திச் சில வாரங்களில் அது திரும்ப ஏறியது. 2011-இல் வெளியான இந்த முடிவு எளிமையானது, ஆனால் கலங்கவைப்பது. பைத்தியக்காரத்தனம், பிடிவாதம், வயதானவர்களின் வக்கிரம் என்று நாம் பெயர் வைத்த ஒன்றில் ஒரு பங்கு, மூட்டு வலி.

வலிக்கிறது என்று சொல்ல, வலியை உணர்ந்தால் மட்டும் போதாது. எங்கே என்று அறிய வேண்டும், அதற்கான சொல் வாயில் வர வேண்டும், கேட்பவர் உதவுவார் என்ற நினைப்பு வேண்டும். நோய் முற்றும்போது இவை மூன்றும் போய்விடுகின்றன. போதாததற்கு, நம் வீட்டுப் பெரியவர்கள் நோய் வருவதற்கு முன்பே, “எங்கயாவது வலிக்குதா?” என்றால் “ஒண்ணுமில்ல” என்று சொல்லிப் பழகியவர்கள். எனவே வாயை நம்பாமல் உடலைப் பார்க்க வேண்டும். மூச்சு ஏறி இறங்குகிறதா, முனகல் இருக்கிறதா, முகம் சுளிக்கிறதா, உடல் விறைக்கிறதா, ஆறுதல் சொன்னால் தணிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிடும் முறை ஒன்று 2003-லிருந்து மருத்துவர்களிடம் இருக்கிறது. வீட்டிலும் கூர்ந்து கவனிக்கலாம். எழுப்பி நிறுத்தும்போதுதான் அடிக்கிறாரா? அப்படியானால் முழங்காலையோ இடுப்பையோ சந்தேகிக்கலாம். சாப்பிடும்போது தட்டைத் தள்ளுகிறாரா? பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும். பல்செட் தளர்ந்து வாயில் புண் ஆகியிருப்பது யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் கிடக்கும். நான்கு நாள் மலம் போகாமல் இருந்தால் யார்தான் எரிச்சல் அடைய மாட்டார்கள்? பாராசிட்டமாலே ஆனாலும் எவ்வளவு, எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், முக்கியமாகக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு.

இதனோடு ஒட்டிய, அவசரமான ஒன்று. நேற்றுவரை ஓரளவு நிதானமாக இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாக மாறிவிட்டால், அதை டிமென்ஷியா முற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிமென்ஷியா மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நகர்வது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருவது டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைதல், சர்க்கரை தாழ்தல், சிறுநீர் அடைப்பு, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, எங்கோ விழுந்து தலையில் பட்ட அடி என அதற்குக் காரணங்கள் பல. காரணத்தைப் பிடித்து மருத்துவம் செய்தால் பெரும்பாலும் தணியும். விட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் இல்லையே என்று நினைத்து இருந்துவிடவும் கூடாது, முதிய உடலில் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். மே மாத வெயிலில் தாகம் தெரியாமல், தண்ணீர் கேட்கத் தெரியாமல் ஒரு அறைக்குள் இருக்கும் பெரியவருக்கு இது எவ்வளவு எளிதாக வந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி அந்திப் பொழுது. பகலெல்லாம் சாந்தமாக இருந்தவர் விளக்கு வைக்கும் நேரம் நெருங்க நெருங்க நிலைகொள்ளாமல் தவிப்பார். நடைக்கும் கூடத்துக்குமாக அலைவார். உலகெங்கும் குடும்பங்கள் இதைக் கண்டிருக்கின்றன. விழி நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், உடலின் நேரத்தைக் காக்கும் சிறு செல் கூட்டம் இருக்கிறது. எப்போது உறங்குவது, எப்போது உடல் சூடு ஏறுவது, எப்போது மெலடோனின் சுரப்பது எல்லாம் அதன் சொற்படி. நெதர்லாந்தில் டிக் ஸ்வாபின் குழு 1985-இல் அதை ஆராய்ந்து, மிகுந்த முதுமையில் அது சுருங்குவதையும் அல்சைமர் நோயில் அதைவிட அதிகமாகச் செல்கள் குறைவதையும் காட்டியது. நேரம் காக்கும் அந்த இடத்துக்கு வெளியுலகச் செய்தி வெளிச்சமாகத்தான் போகிறது. விழித்திரையில் சில செல்கள் உருவம் காண்பதற்காக இல்லாமல், வெளிச்சம் எவ்வளவு என்று சொல்வதற்காகவே இருக்கின்றன என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது. அவை நீல ஒளிக்கு அதிகம் இசைபவை. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகிறது, நீல ஒளியைத் தடுக்கிறது. புரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். கூடவே அவர் வீட்டை விட்டு வெளியே வருவதும் நின்றுவிட்டால், பகல் எது, இரவு எது என்ற செய்தியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை.

இதையும் நெதர்லாந்தில்தான் சோதித்தார்கள். 12 இல்லங்களில் இருந்த 189 பெரியவர்களை வைத்து நடந்த சோதனையில், சில இல்லங்களில் மட்டும் பகல் முழுவதும் சுமார் 1000 லக்ஸ் அளவுக்குப் பொது அறையின் வெளிச்சத்தைக் கூட்டினார்கள். அங்கே மனச்சோர்வு குறைந்தது, அறிவுத்திறன் தேய்வது சிறிதளவு தாமதித்தது. மெலடோனின் மாத்திரையை மட்டும் கொடுத்தபோது மனநிலை கெட்டது, வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது ஆவேசம் ஓரளவு குறைந்தது. 2008-இல் வந்த இந்த முடிவுகள் மிதமானவைதான், அதிசய மருந்து எதுவும் இங்கே இல்லை. ஆனால் அந்த 1000 லக்ஸுக்கு அவர்கள் விளக்குகளை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. நம் ஊரில் காலை வேளையில் ஒரு வேப்பமர நிழலில் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் சும்மா கிடைக்கிறது. திண்ணையிலோ பால்கனியிலோ தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. இருட்டத் தொடங்குமுன்பே, ஐந்தரைக்கே, வீட்டு விளக்குகளை எல்லாம் போட்டுவிடுவதும் உதவும். ஒற்றை டியூப்லைட்டின் மங்கலில் ஹேங்கரில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும், கறுப்பு மிதியடி தரையில் குழியாகத் தெரியும், பீரோக் கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி முறைத்துப் பார்ப்பாள். தன் முகம் எப்படி இருக்கும் என்பதே இளமைக்கால முகமாக நினைவில் நின்றுவிட்ட ஒருவருக்கு அந்தக் கிழவி அந்நியள்தான். கண்ணாடியின்மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டால் அந்தப் பயம் அன்றோடு முடியும்.

அந்தியில் அடிக்கடி வரும் பேச்சு, “நான் வீட்டுக்குப் போகணும்” என்பது. அவர் உட்கார்ந்திருப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்த தன் சொந்த வீடாகவே இருக்கும். “இதுதாம்மா உங்க வீடு, பத்திரத்தைக் காட்டட்டுமா?” என்று நிரூபிக்கப் போகிறவர்கள் தோற்பார்கள். அவர் கேட்பது முகவரியை அல்ல. புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், அடுப்பு மூட்டணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று, தான் தேவைப்பட்ட ஒரு காலத்துக்குப் போகக் கேட்கிறார். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் பென்ராத் பகுதி முதியோர் இல்லம் ஒன்றின் வாசலில் பேருந்து வராத ஒரு பேருந்து நிறுத்தத்தை அமைத்தார்கள். வீட்டுக்குப் போகக் கிளம்பியவர்கள் அந்த மஞ்சள் பலகையைப் பார்த்து அங்கே போய் அமர்வார்கள், பணியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், கிளம்பிய வேகம் தணிந்ததும் உள்ளே அழைத்து வருவார். இது ஏமாற்று என்று கண்டித்தவர்களும் உண்டு. பூட்டிய கதவை உலுக்கிக்கொண்டு அழுவதைவிட அந்தப் பெஞ்சு கருணையானது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனாலும் பொய் இல்லாமலே அங்கே போய்ச்சேர வழி இருக்கிறது. “உங்க வீடு எப்படி இருக்கும் பாட்டி? வாசல்ல என்ன மரம்? கிணறு இருந்துச்சா?” என்று கேட்டால் போதும். அவர் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்விடுவார். கையில் ஒரு முறம் கீரையோ உரிக்கப் பூண்டோ இருந்தால் இன்னும் நல்லது. தேவைப்படுகிறோம் என்ற எண்ணத்தை ஒரு வேலையே கொடுக்கும்.

“என் வளையலக் காணோம். மருமகதான் எடுத்துட்டா” என்ற குற்றச்சாட்டு எத்தனை வீடுகளில் உறவை முறித்திருக்கிறது! அதன் இயக்கம் இவ்வளவுதான். அவரே பத்திரமாக ஓரிடத்தில் ஒளித்துவைக்கிறார், வைத்ததை மூளை பதியவில்லை. பொருள் இல்லை என்பது மட்டும் கண்ணுக்கு முன் இருக்கிறது. இடைவெளியை நிரப்ப மூளைக்கு ஒரு கதை வேண்டும். பக்கத்தில் எப்போதும் இருப்பவர்தான் அந்தக் கதைக்குள் விழுவார். அதனால்தான் பழி அதிகம் பராமரிப்பவர்மேல், தொலைவில் இருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும் மகன்மேல் அல்ல. இதை அந்த மகனும் தெரிந்துகொள்வது அவசியம், அம்மாவின் பேச்சை நம்பி மனைவியிடமோ அண்ணியிடமோ விசாரணை நடத்தாமல் இருப்பதற்காக. “நான் எடுக்கல” என்ற வாதம் எடுபடாது. “ஐயோ, அது உங்க அம்மா போட்ட வளையலாச்சே, வாங்க தேடலாம்” என்று கூடச் சேர்ந்து தேடினால், அவர் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதே அவரைத் தணிக்கும். தங்கத்தை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே மாதிரிச் சுருக்குப்பை, சாவிக்கொத்து, கவரிங் வளையல் என்று இரண்டு மூன்று வைத்திருப்பதும் பயன்படும்.

மிகப் பெரிய போராட்டம் குளியலறையில். அவர் பக்கமிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும்? பெயர் தெரியாத ஒருத்தி வந்து புடவையை அவிழ்க்கிறாள், ஈரத் தரையில் நிறுத்துகிறாள், தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். தன் மானத்தைக் காக்கப் போராடுகிறவரை நாம் முரட்டுத்தனம் செய்வதாகச் சொல்கிறோம். அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்லோனும் ஆன் லூயிஸ் பாரிக், ஜோஆன் ரேடர் முதலியோரும் 15 இல்லங்களில் 73 பேரிடம் குளியல் முறையை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு முறையில் ஷவரே, ஆனால் அவரவர் விருப்பத்துக்கு ஏற்ப, உடலைப் போர்த்தியபடி, அவசரமில்லாமல். இன்னொரு முறையில் கட்டிலிலேயே, வெதுவெதுப்பான ஈரத் துண்டுகளால் உடலை மூடி, அதன் மேலேயே தேய்த்துச் சுத்தம் செய்தல். அடித்தல், கத்தல் போன்ற ஆவேச நிகழ்வுகள் முதல் முறையில் 53 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதமும் குறைந்தன. 2004-இல் வந்தது இது. எந்த மாத்திரையும் இந்த அளவுக்குக் குறைத்ததாக நான் அறியவில்லை. சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் காலில் தொடங்கி மேலே வருவது, அறையை முதலில் வெந்நீராவியால் சூடாக்குவது, மேல் துண்டை எடுக்காமலே குளிப்பாட்டுவது, வழக்கமான வேளையையும் வழக்கமான சோப்பின் மணத்தையும் மாற்றாதிருப்பது எல்லாம் எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை. தினமும் குளித்தே ஆகவேண்டும் என்ற நம் பிடிவாதத்தையும் சற்று விட்டுக்கொடுக்கலாம். மாமனாரை மருமகளும் தாயை மகனும் குளிப்பாட்ட நேரும் வீடுகளில் இரு பக்கமும் கூச்சம் இருக்கும். அங்கே ஆண் பராமரிப்பாளரோ பெண் பராமரிப்பாளரோ வாரம் சில நாள் வந்தாலே பாதிச் சண்டை தீரும்.

பேசும் விதமும் உடலைத் தொடும். அமெரிக்காவில் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் என்ற செவிலியல் ஆய்வாளர் முதியோர் இல்லங்களில் எடுத்த காணொளிகளை நொடிநொடியாக ஆராய்ந்தார். பெரியவர்களிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சியும் அதட்டியும் பேசியபோது, அவர்கள் ஒத்துழைக்க மறுப்பது, சாதாரணமாகப் பேசியபோது இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. தமிழில் இதற்கு இன்னொரு கூர்மை உண்டு. ஆயுள் முழுவதும் “வாங்க சார்”, “வாங்க வாத்தியாரே” என்று கேட்டுப் பழகிய ஒருவரிடம், இருபது வயது உதவியாளர், “தாத்தா, வாயைத் திற, முழுங்கு” என்று சொல்லும்போது, அவர் மூளை மறக்காத ஏதோ ஒன்று அடிபடுகிறது. அவர் யாராக இருந்தார் என்பதை உதவியாளருக்குச் சொல்வது குடும்பத்தின் கடமை. முன்னால் வந்து, கண் மட்டத்தில், மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரே விஷயம் என்று பேச வேண்டும். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டால் யாரும் திடுக்கிடத்தான் செய்வார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் மாத்திரை. நடைமுறையில் அதுவே முதலில் வருகிறது. குவெட்டியாபைன், ஒலன்சபைன், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் முதலியவை மனச்சிதைவு நோய்க்காக உருவானவை. 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, இவற்றில் புதிய தலைமுறை மருந்து பெற்ற டிமென்ஷியா முதியவர்களில் சுமார் பத்து வாரத்தில் 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்ததைக் கண்டு, மருந்து உறையில் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. பிரிட்டனில் 2009-இல் சுபே பானர்ஜி அரசுக்கு அளித்த அறிக்கை, ஆண்டுக்கு 1,80,000 டிமென்ஷியா நோயாளிகளுக்கு இவை கொடுக்கப்படுவதாகவும், அதில் சுமார் 36,000 பேருக்கே ஓரளவு பயன் இருப்பதாகவும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் மரணங்கள் நேர்வதாகவும் கணக்கிட்டது. 2023-இல் பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்து அல்சைமர் கிளர்ச்சிக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அதே எச்சரிக்கை அதன் உறையிலும் இருக்கிறது.

மருந்தே கூடாது என்பது என் வாதம் அல்ல. தனக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்கும் அளவுக்கு ஆவேசம் இருக்கும்போது, தாங்கமுடியாத பயத்தில் அவரே துடிக்கும்போது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மருந்து தேவைப்படும். கொடுக்கும்போதே எப்போது நிறுத்திப் பார்ப்பது என்றும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். இல்லாத ஆட்களும் குழந்தைகளும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது, நடை இறுகுவது, தூக்கத்தில் கைகால் வீசுவது போன்றவை இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அது லூயி பாடி வகை டிமென்ஷியாவாக இருக்கலாம், அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்றவை உயிரையே பறிக்கக்கூடும். தூக்க மாத்திரைகள் இரவில் விழவைக்கும், சிலரை அமைதிப்படுத்தாமல் மேலும் குழப்பும். மணிக்கட்டைக் கட்டுவது எதையும் தீர்ப்பதில்லை. பயந்த ஒருவரைக் கட்டினால் பயம் கூடும்.

இதையெல்லாம் செய்யவேண்டிய ஆளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நாடு தழுவிய ஆய்வு ஒன்றிலிருந்து 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு பெண், அவளும் பல வீடுகளில் ஐம்பதைத் தாண்டியவள். இரவு நான்கு முறை எழுந்தவளிடம் காலையில் கண் மட்டத்தில் மெதுவாகப் பேசு என்று கட்டுரை எழுதிச் சொல்வது எளிது. அவளும் தூங்கியிருக்க வேண்டும். அவள் கோபம் அவரிடம் போய்த் தங்கும், அவர் ஏன் என்று மறந்த பிறகும் தங்கும் என்பதைத்தான் அயோவா ஆய்வு காட்டியது. ஆகவே அவளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஒழித்துக்கொடுப்பதும் அந்தப் பெரியவருக்கான சிகிச்சையில் ஒரு பகுதிதான். அண்ணன் தம்பிகள் பணம் அனுப்புவதோடு நிற்காமல் ஒரு வாரம் வந்து தங்கினால், போனில் சொன்னபோது நம்பாத பலவற்றை நேரில் காண்பார்கள்.

கோவாவில் அமித் டயஸ் முதலியோர் 81 குடும்பங்களை வைத்து நடத்திய சோதனை 2008-இல் வெளியானது. மருத்துவரோ செவிலியரோ அல்லாத, உள்ளூர் கொங்கணி பேசத் தெரிந்த, பள்ளிப் படிப்பு முடித்த சிலருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது போய், இந்த நோய் என்ன, இந்த நடத்தை ஏன், எதைச் செய்து பார்க்கலாம் என்று பேசினார்கள், அரசு உதவிகளுக்கு வழி காட்டினார்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்து அளந்தபோது பெரியவர்களின் நடத்தையில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் அதே நடத்தை, பார்த்துக்கொள்பவர்களை வருத்திய அளவு குறைந்திருந்தது, அவர்களின் மனநலம் தேறியிருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கதவருகே நிற்கும் மருமகளிடம், “நைட்டு தூங்குறாங்களா? நீங்க தூங்குறீங்களா?” என்று கேட்கவும், அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கவும் அவர்களுக்குக் கோவாவில் கொடுத்தது போன்ற ஒரு வாரப் பயிற்சி கொடுத்தால் போதும்.